தச்சு வேலைக் கணக்கில் ஒரு மரநாய்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. கணவருக்கு அன்று முதல் ஷிப்ட். சுரங்கத்துக்குப் போகும் பஸ் எங்கள் பிளாக் முனைக்கு வருவதற்குள் அவருக்குத் தக்காளிச் சாதமும் சுட்ட அப்பளமும் கட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் ஜன்னல் கட்டைகளில் படிந்திருந்த கரித்தூளை ஈரத்துணியால் துடைத்தேன். சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பான எங்கள் ஊரில் இது பல் துலக்குவதுபோல அன்றாடம் செய்கிற காரியம். பிறகு காக்கிச் சீருடையை இஸ்திரி போட்டு, முந்தைய நாள் குறிப்பை எழுதி முடித்து, ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் வனத்துறையில் வனவர். வேலையைச் சொன்னதும் எல்லாரும் யானையையும் புலியையும் நினைத்துக்கொள்கிறார்கள். என் எல்லையில் இருப்பவை முந்திரித் தோப்புகள், கரும்பு வயல்கள், சுரங்கம் வெட்டிக் கொட்டிய மண்மேடுகள், அந்த மேடுகளின்மேல் நட்டு வளர்த்த மரங்கள். அவற்றில் நரி, கீரி, முயல், மரநாய், காட்டுப்பன்றி ஆகியவை வாழ்கின்றன. இவற்றைப் படம் பிடிக்க யாரும் வெளியூரிலிருந்து வருவதில்லை. பிடிக்க வருகிறவர்கள் உண்டு. நரியின் தோலுக்கும் பல்லுக்கும் ஆள் இருக்கிறது. கீரி முடியில் செய்த தூரிகைகளை ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் தேடிப் பறிமுதல் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சட்டத்தைத் திருத்தியபோது நரியும் கீரியும் முதல் பட்டியலுக்கு ஏறின. தண்டனையும் கூடியது. அந்தச் செய்தி பிடிக்கிறவர்களிடம் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலைதான்.

அன்று காலை சேத்தியாத்தோப்புச் சாலையை ஒட்டிய ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வயலில் நின்றிருந்தேன். காட்டுப்பன்றிகள் முந்தின இரவு செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தன. வரப்போர வேலியில் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயரைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார் நிலத்துக்காரர். நான் அதை அவிழ்த்துச் சுருட்டுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கண்ணி வெச்சா கேஸு. நீங்க சுட்டா டூட்டி. நல்லா கீதுங்க ஒங்க சட்டம்."

"நாங்களும் நினைச்சப்ப சுட முடியாதுங்க. குழு வந்து பார்க்கணும். மேல உத்தரவு வரணும். காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம்னு அளக்கணும்."

"அளந்து முடிக்கசொல்ல பன்னி பேரன் பேத்தி எடுத்துடும்."

சேத மனு எழுத வேண்டிய விதத்தைச் சொன்னேன். இந்த ஒயரில் நரி மாட்டினால் உங்களுக்கு ஜாமீன் கிடைப்பதே கடினம் என்பதையும் சொன்னேன். அவர் ஒயரைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. இன்னும் நல்லா இருக்கிற ஒயர் என்று வருத்தப்பட்டார்.

அப்போது எங்கள் சரக அலுவலர் போனில் அழைத்தார். ரேஞ்சர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். "டவுன்ஷிப் பராமரிப்பு யார்டு கேட்ல ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் புடிச்சு வெச்சிருக்காங்க. கூண்டுல மரநாய். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. போய்ப் பாருங்க மேடம்" என்றார்.

மரநாய் பூனையைவிட நீளமான உடம்பும் கறுத்த முகமும் உள்ள பிராணி. இரவில் பழம் தின்னும். பகலில் மரப்பொந்திலோ கூரைச் சந்திலோ உறங்கும். பலாவும் மாவும் நிறைந்த எங்கள் குவார்ட்டர்ஸ்களில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கூண்டு வைத்துப் பிடிப்பதையும் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது.

கேட்டில் ஒரு சிறு கூட்டம். சாக்கு போர்த்திய கம்பிக் கூண்டு ஒன்று காவலரின் மேசைக்கடியில் இருந்தது. பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தச்சு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. வெளியே நின்ற அவருடைய கூட்டாளிகள் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், கொழம்பா வறுவலா? அத்தயாவது சொல்லிட்டு உள்ள போ."

"ஏய், மேடம் வந்துட்டாங்கடா. சாப்பாடு ஜெயில்லதான்."

தச்சர் தலையைத் தூக்கவில்லை. காவலர் எழுந்து வணக்கம் சொன்னார். பணிவானவர், தன் வேலையில் கறாரானவர்.

"இவரு கூண்டு எடுத்துட்டு வெளிய போனாருங்க. கூண்டு யார்டு கம்பி வலையில செஞ்சது. மெட்டீரியல் பாஸ் இல்ல. அதான் நிறுத்துனேன். சாக்கைத் தூக்கினா உள்ள இது உறுமுது. கூண்டு எங்க ஐட்டம் மேடம். உள்ள இருக்கிறது ஒங்க ஐட்டம்."

அவருடைய பதிவேட்டில் 'கம்பிக் கூண்டு, ஒன்று' என்று மட்டும் இருந்தது. விலங்கைப் பற்றி எழுத அவரிடம் தலைப்பு இல்லை. தச்சரின் வருகைப் பதிவு டோக்கனை வாங்கி மேசை டிராயரில் வைத்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு டோக்கன்தான் வேலை. பொருள் திருட்டு என்றோ வனக்குற்றம் என்றோ ஒரு புகார் பதிவானால் அது திரும்பக் கையில் வராது. அன்று அவர் மேல் இரண்டும் ஒரே கூண்டில் வந்திருந்தன.

நான் தச்சர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததைக் கேட்டேன்.

"குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆபீசர் சார் வூட்டு வேலைங்க மேடம். சீலிங்ல எதோ ஓடுதுன்னு கம்ப்ளைண்டு போட்டாங்க. நான் போயி பாத்தன். மொதல்ல புடி, அப்பால ஓட்டைய அடைன்னாரு. யார்டுல வேலி போட்டு மிச்சமான வலை கெடக்குதில்ல, அத்த எடுத்துக்கோன்னாரு. நேத்து ராத்திரி மாட்டிக்கிச்சி. காலையில டூட்டிக்கு முந்தி வரச் சொல்லி, ஓட்டைய அடிச்சிட்டு, இத்த எடுத்துக்கினு போயி மண்மேட்டுல வுட்டுடுன்னாருங்க."

"அப்ப நேரா மண்மேட்டுக்குப் போகாம யார்டுக்கு ஏன் வந்தீங்க?"

"டோக்கன் போட வேணாங்களா?"

மரநாயைச் சாக்கில் மூடி யார்டுக்குள் கொண்டுவந்து, டோக்கன் போட்டு, ஆஜரைக் கொடுத்துவிட்டு, அதை வெளியே கொண்டுபோகும்போது மாட்டிக்கொண்டார். வெளியே போகும் பொருளைத்தான் கேட்டில் சோதிப்பார்கள். நேராகப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அரை நாள் ஆப்சென்ட் விழுந்திருக்கும். வெளியாளுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியலாம். இந்த ஊரில் இருபது வருடம் குடியிருக்கும் எனக்கு அப்படித் தெரியவில்லை.

டவுன்ஷிப்பில் எது கெட்டாலும் கம்ப்ளைண்ட் போடுவார்கள். குழாய்க்கு ஒரு பிரிவு, மின்சாரத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, தச்சு வேலைக்கு ஒன்று. கூரையில் பிராணி வந்தால் எந்தப் பிரிவு என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. சீலிங் பிளைவுட்டில் அடித்தது என்பதால் அந்த வீட்டுக் கம்ப்ளைண்டைத் தச்சு வேலையில் பதிந்துவிட்டார்கள். தச்சரும் வந்துவிட்டார்.

சாக்கை விலக்கிக் குனிந்து பார்த்தேன். மூலையில் ஒடுங்கிப் பல்லைக் காட்டியது. உடம்பில் காயம் இல்லை. அடிவயிற்றில் காம்புகளைச் சுற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. பால் கொடுக்கிற தாய்.

"ஓட்டையை அடிக்கும்போது உள்ள பார்த்தீங்களா? குட்டி இருந்துச்சா?"

அவருக்கு முகம் மாறியது. "பாக்கலீங்களே. சீக்கிரம் அடி, சீக்கிரம் அடின்னாரு. ஐயோ, குட்டி கீதுங்களா?"

காவலரிடம் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கூண்டையும் தச்சரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். டோக்கனைத் தரக் காவலர் மறுத்துவிட்டார். அது அவர் கையில் இல்லை, மேலதிகாரி சொல்ல வேண்டும். தச்சரின் டி.வி.எஸ். வண்டியில் கூண்டு முன்னால் போக, நான் பின்னால் போனேன். வழியில் ஒரு சிக்னலும் இல்லாத ஊரில் அவர் எல்லாத் திருப்பத்திலும் கையை நீட்டிக் காட்டித்தான் திரும்பினார்.

அந்த வீட்டுக்காரர் ஓர் அதிகாரி. ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள்தான். விஷயம் அவர் காதுக்கு எட்டி, ஆபீஸிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தார். என் சீருடையைப் பார்த்ததும் முதலில் பேசியவர் அவர்தான்.

"மேடம், நான் ஓட்டையை அடைக்கத்தான் சொன்னேன். இவரு கூண்டு கீண்டெல்லாம் எதுக்குச் செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது."

தச்சரைப் பார்த்தேன். அவர் கூண்டை மாமரத்து நிழலில் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாங்க. நானாதாங்க புடிச்சன்" என்றார்.

கேட்டில் சொன்னதற்கு நேர் மாறு. அதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. வரும் வழியில், பெட்ரோல் போட நின்ற இடத்தில், தன் வீட்டு நிலவரத்தைச் சொல்லியிருந்தார். வளையமாதேவிப் பக்கத்துக்காரர். அப்பா காலம் முழுக்க மற்றவர் நிலத்தில் கூலி. "சொரங்கத்துக்கு நெலம் குடுத்தவங்க வூட்டுக்கு வேலன்னு பேசுனாங்க. குடுக்க எங்ககிட்ட என்னாங்க இருந்துச்சி?" என்று கேட்டார். இவ்வளவு வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியாகிவிட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் தன்னைச் சேர்க்க இந்த அதிகாரியின் வாய்ச்சொல் வேண்டும். இவரைக் காட்டிக்கொடுத்தாலும் வேலை போகும், காட்டிக்கொடுக்காவிட்டாலும் போகும். எதில் அது மெதுவாகப் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அதிகாரியின் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார்.

"யாரு தானா புடிச்சது? இவரா? என்னங்க இது அநியாயம்! ஒரு வாரமா சீலிங்குல கபடி ஆடுது, புடிச்சுக் கொடுய்யான்னு நாம ரெண்டு பேரும்தானே சொன்னோம்? உள்ள பேரீச்சம்பழம் வெச்சதே நான்தான். வாழப்பழம் வெச்சேன், எறும்புதான் வந்துச்சு. அப்புறம் பொண்ணு துபாய்லேர்ந்து கொண்டாந்ததை வெச்சேன். அன்னிக்கு ராத்திரியே மாட்டிக்கிச்சு."

"நீ கொஞ்சம் உள்ள போறியா?"

"எதுக்குப் போகணும்? நான் என்ன பொய்யா சொல்றேன்? மேடம், கேஸுன்னா என்னையும் எழுதிக்கோங்க."

அதிகாரி என்னைத் தனியே அழைத்துப் பேசினார். தனியே என்றால் மாமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், எல்லாருக்கும் கேட்கிற தூரத்தில்.

"எனக்கு ரிட்டயர்மெண்ட் வருது மேடம். இந்த நேரத்துல பேர் வந்தா எல்லாம் நின்னுடும். அந்த ஆளே ஒத்துக்கிறாரே."

"நடந்ததை நடந்த வரிசையில எழுதுவேன் சார். நீங்க சொன்னது, அம்மா பழம் வெச்சது, அவர் கூண்டு செஞ்சது. ஒண்ணை எடுத்துட்டா அடுத்தது நிக்காது. சொன்னவருக்கும் செஞ்சவருக்கும் சட்டத்துல ஒரே இடம்தான்."

"ஒரு பூனைக்கு இவ்வளவா?"

"பூனை இல்ல சார். முதல்ல சீலிங்கைத் திறங்க. குட்டி செத்துட்டா இவ்வளவோட நிக்காது."

சமையலறையை ஒட்டிய பின்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் அடியில் சொந்தச் செலவில் பிளைவுட் சீலிங் அடித்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. தச்சர் விடியலில் அடித்த பலகை சுவரோரம் புதிதாகத் தெரிந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. அதிகாரிக்கு அப்போதும் ஒரு தயக்கம். அந்தக் கம்ப்ளைண்டை முடிந்தது என்று காலையிலேயே சொல்லிவிட்டாராம். முடிந்த வேலையைப் பிரிக்க வேண்டுமானால் புது கம்ப்ளைண்ட் போட வேண்டும். இது தச்சு வேலையில் வருமா, கட்டடப் பிரிவில் வருமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டார்.

தச்சர் ஏறி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சுத்தியலால் அடித்துப் பெயர்க்கவில்லை. உள்ளே அதிரும் என்று குறட்டால் பிடித்து நெம்பினார். பலகை விலகியதும் போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினார். அனல் அடித்தது. தலையை இடைவெளிக்குள் நுழைத்துப் பார்த்தார்.

"ரெண்டுங்க" என்றார் பிறகு. "அசையுதுங்க மேடம். ஒண்ணு வாயத் தொறக்குது."

இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்து, மரத்தில் ஏறி, கூரைத் தகட்டின்மேல் தண்ணீர் விட்டார். தகடு சுருசுருவென்று ஆவி விட்டது. மதியம்வரை அவ்வப்போது அதைச் செய்தார். கூண்டைப் பின்பக்கக் குளியலறை இருட்டில் வைத்து, ஈரச் சாக்கு போட்டு, கதவைச் சாத்தினோம். மரநாயைப் பகலில் விட்டால் பயத்தில் எங்காவது ஓடிவிடும். பிடித்த இடத்திலேயே, பொழுது சாய்ந்தபின் விட வேண்டும்.

ரேஞ்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் ஒத்துக்கிட்டாரா?"

"தச்சரும் அந்த அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க சார். வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கல. தச்சர் சொன்னது ரெண்டு விதம். ரெண்டையும் எழுதுறேன். எங்கே நின்னு எதைச் சொன்னார்னும் எழுதுறேன்."

"மாவட்ட வன அலுவலர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் விலங்கு உயிரோட இருக்கணும்."

மாலை வரை நான் அங்கேயே இருந்தேன். அதிகாரியின் மனைவி எனக்கும் தச்சருக்கும் ஒரே மாதிரித் தட்டில் சாப்பாடு போட்டார். அதிகாரி சாப்பிடவில்லை. முன்னறையில் போனை வைத்துக்கொண்டு யார் யாரிடமோ மெதுவாகப் பேசினார். நான் எழுதிக்கொண்டிருந்த தாளை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை அதில் தன் பெயர் முதல் வரியிலேயே இருப்பதைப் பார்த்தார்.

நாலு மணி வாக்கில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தச்சரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"அந்த வலையை நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். யார்டுல போய் அதை எழுதிக் கொடுத்துடறேன். அவரு மேல திருட்டுன்னு வரவேண்டாம். இதையும் நீங்க எழுதிக்குவீங்களா?"

"அது நடந்ததும் எழுதுவேன் சார்."

"நடந்ததும்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். பயம் அவரை அனுப்பியதா, மனைவி சாப்பாட்டு வேளையில் பேசாமல் இருந்தது அனுப்பியதா என்று எனக்குத் தெரியாது. அறிக்கையில் நான் அதை எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்ததையும் எழுதிக் கொடுத்ததையும் காவலரிடம் போனில் உறுதி செய்துகொண்டு அதை மட்டும் எழுதினேன்.

ரேஞ்சர் மறுபடி அழைத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விற்கவோ தின்னவோ பிடித்ததில்லை என்பதாலும், விலங்குக்குக் காயம் இல்லை என்பதாலும் மேலே ஒரு முடிவு வந்திருந்தது. தாய் குட்டிகளோடு சேர்ந்துவிட்டால் வீட்டுக்காரரிடமும் தச்சரிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு எழுத்தில் எச்சரிக்கை. சேரவில்லை என்றால் இருவர் மேலும் வழக்கு.

"காலையில ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வரணும். அதுக்கு முன்னாடி அந்தத் தாய் மேல ஏறணும்" என்றார்.

கூண்டைப் பின்கட்டுச் சுவரோரம் வைத்தோம். விளக்குகளை அணைத்தோம். தச்சர் கூண்டின் கதவில் ஒரு சணல் கயிறு கட்டி, நான்கைந்து அடி தள்ளி நின்று இழுத்தார். கதவு உயர்ந்தது. மரநாய் வெளியே வரவில்லை. நாங்கள் சமையலறைக்குள் போய்க் கதவிடுக்கில் நின்றோம். யார்டிலிருந்து திரும்பியிருந்த அதிகாரியும் வந்து பின்னால் நின்றார்.

"வரலன்னா என்னங்க பண்றது?" என்று தச்சர் கேட்டார்.

"வரும். பேசாதீங்க."

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. மனித வாடையும் ஈரச் சாக்கும் ஒரு பகல் முழுக்கச் சுற்றியிருந்தன. அது மரத்தில் ஏறி வேறு பக்கம் போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மேலே கூரைச் சந்தில் மெல்லிய கீச்சுக் குரல் கேட்டது. கூண்டுக்குள் அசைவு. மரநாய் தரையில் வயிறு படக் கொஞ்ச தூரம் நகர்ந்து, மூக்கைத் தூக்கி, பிறகு சட்டென்று மழைநீர்க் குழாயைத் தழுவி ஏறியது. சன்ஷேடில் ஒரு கணம் அதன் நீண்ட வால் தெரிந்தது. திறந்திருந்த இடைவெளிக்குள் போய்விட்டது. கீச்சுக் குரல் நின்றது. பால் குடிக்கும் சத்தம் கேட்டதாகத் தச்சர் பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"இனி எத்தனை நாள் மேடம்?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னிக்கு ராத்திரியே வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனாலும் போகும். இல்லன்னா குட்டி ஓடியாடுற வரைக்கும். அதுவரைக்கும் ஓட்டை அப்படியே இருக்கணும். அப்புறம் எங்களைக் கூப்பிட்டுட்டு அடைங்க."

"கபடி ஆடட்டும்" என்றார் மனைவி. "நான் முன்னறையில படுத்துக்கறேன்."

ரேஞ்சருக்குச் செய்தி அனுப்பினேன். தச்சர் காலிக் கூண்டைத் தூக்கி வண்டியில் வைத்தார். அது எங்கள் சாட்சிப் பொருள் என்று வாங்கிக்கொண்டேன். அவர் போகும்போது டோக்கன் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து விட்டுவிட்டது தெரிந்தது. அதிகாரிதான் சொன்னார்: "யார்டுல சொல்லிட்டேன்பா. காலையில குடுத்துடுவாங்க. லேட் பண்ணாம போ."

மறுநாள், புதன்கிழமை, நான் சரக அலுவலகத்தைத் திறக்கும்போதே இருவரும் வாசலில் இருந்தார்கள். அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தச்சர் சுவரோரம் நின்றிருந்தார். வந்த வரிசைப்படி அதிகாரிதான் முதல். அவர் எழுந்து உள்ளே வரப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க சார், அவருக்கு டோக்கன் போடணும்" என்று சொல்லித் தச்சரை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் வாக்குமூலத்தை எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அனுப்பிவைத்தேன்.